ரீஸ்டார்ட் பண்ணும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். "சர்வர் டவுன், நாளைக்கு வாங்க" என்ற பதிலோடு பத்திரப்பதிவு அலுவலகத்திலிருந்து நானும் திரும்பியிருக்கிறேன். பதினெட்டு ஆண்டுகளாக சர்வர் அறையில் வேலை பார்ப்பவன் என்பதால் இதை எழுதுகிறேன்.

நான் கவனிக்கும் ஒரு மருத்துவமனை சர்வரில் இரண்டு பிராசஸர்கள். இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை விழுந்துவிடும். விற்றவர்கள் ஆள் அனுப்புவார்கள். அவர் பவர் பட்டனை அமுக்கி "சரியாயிடுச்சு சார்" என்பார். வைரஸ் என்றார்கள், கரன்ட் என்றார்கள், யுபிஎஸ் பேட்டரியைக்கூட மாற்றினோம். ரத்தப் பரிசோதனை முடிவுக்காகக் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வரிசையில் நின்ற ஒரு தாயின் முகம் இன்னும் கண்ணுக்குள்ளேயே இருக்கிறது.

சிஸ்டம் விழும் நொடியில் மெமரியில் இருப்பதை அப்படியே ஃபைலாக எழுதிவைக்கும் கேடம்ப் என்ற வசதி லினக்ஸில் உண்டு. முன்கூட்டியே ஆன் செய்திருக்க வேண்டும். எங்கள் சர்வரில் யாரும் செய்யவில்லை. செய்தேன். அடுத்த முறை விழுந்தபோது காரணம் கையில் கிடைத்தது: மெஷின் செக் பிழை, அதாவது வன்பொருளில் கோளாறு என்று பிராசஸரே சொல்லும் பிழை; இடம், இரண்டாவது பிராசஸர் பக்கத்து மெமரி. மதர்போர்டின் பதிவேடும் அங்கே மெமரி செருகும் அதே ஸ்லாட்டைக் காட்டியது. அதிலிருந்த ராமை, அதாவது மெமரி அட்டையை, முதல் பிராசஸர் பக்கம் மாற்றிப் போட்டேன். பிழை ராமோடு போகவில்லை, பழைய ஸ்லாட்டிலேயே வந்தது. பிராசஸரைக் கழற்றி, செல்போன் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தேன். அது உட்காரும் சாக்கெட்டின் ஆயிரக்கணக்கான பின்களில் ஒன்று மட்டும் வேறு பக்கமாக மின்னியது. மயிரிழை வளைவு! போர்டை மாற்றி ஏழு மாதமாகிறது, ஒருமுறைகூட விழவில்லை.

2003 ஆகஸ்ட் 14 அன்று அமெரிக்காவிலும் கனடாவிலும் சுமார் 5 கோடி பேருக்கு மின்சாரம் போனது. அன்று ஒஹையோவின் ஒரு மின் கட்டுப்பாட்டு அறையில் பிற்பகல் 2.14-க்குப் பிறகு கோளாறை எச்சரிக்கும் அலாரமே வரவில்லை. 3.08-க்குள் சர்வரை ரீஸ்டார்ட் செய்து முடித்தார்கள். அலாரம் திரும்பவில்லை. அலாரம் மென்பொருளின் இரு பகுதிகள் ஒரே தரவில் ஒரே நேரத்தில் எழுதப் போய் முட்டிக்கொண்டது பின்னால்தான் தெரிந்தது.

இங்கே நான் பார்த்த பராமரிப்பு ஒப்பந்தங்களில் எத்தனை மணி நேரத்தில் சர்வர் எழ வேண்டும் என்று மட்டுமே எழுதுகிறார்கள். அதனால்தான் பட்டன் அமுக்கும் ஆள் வருகிறார். கேடம்ப் எழுதிய டம்ப் ஃபைலையும் பதிவுகளையும் எடுத்துவைத்த பிறகே ரீஸ்டார்ட், பதினைந்து நாளுக்குள் காரணம் எழுத்தில் என்று அரசு அலுவலகங்களும் மருத்துவமனைகளும் ஒரு வரி சேர்க்க வேண்டும்.

இப்படிக்கு,
சர்வர் பராமரிப்பாளர் ஒருவர்,
ஈரோடு