கவலை என்ற சொல்லும் மூன்று நிமிடக் காட்சியும்

ஹட்டன்

அன்பின் செல்வம்,

உன் கடிதம் கிடைத்தது. படக் காட்சிகளைக் காட்டி, பார்ப்பவருக்கு வரும் உணர்ச்சியை அளக்கும் ஆய்வைப் பண்டாரவளையில் தொடங்கப் போகிறாய் என்று அறிந்து மிக்க சந்தோஷம். ஆனால் அந்தத் தகரக் கூரை மண்டபம் மட்டும் வேண்டாம். ஒரு பாட்டம் மழை பிடித்தால் வசனம் காதில் விழாது. வேறு இடம் இல்லையென்றால் எல்லாருக்கும் ஹெட்போன் கொடு. ஒலியளவை முதலிலேயே ஒன்றாக வைத்துவிட்டு, பிறகு தொடாதே.

காட்சிகளைப் பற்றிக் கேட்டிருந்தாய். பிரபலமான அழுகைக் காட்சியை எடுத்துவிடாதே. எல்லாரும் பத்துத் தடவை பார்த்தது அது. பாட்டு தொடங்கியதுமே அவரவர் பழைய ஞாபகம் கிளம்பிவிடும், நீ அளப்பது அதைத்தான். கிராஸ், லெவன்சன் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் 1995இல் வெளியிட்ட ஆய்வில் 494 பேரிடம் சோதித்து, எட்டு உணர்ச்சி நிலைகளுக்கு இரண்டிரண்டாகக் காட்சி தேர்ந்தார்கள். துக்கத்துக்கு அவர்கள் எடுத்தவற்றில் ஒன்று 'தி சாம்ப்' படத்தில் சிறுவன் இறந்த தகப்பனைப் பார்த்து அழும் இடம். மூன்று நிமிடம்கூட இல்லை. முன்கதை தெரியாதவனுக்கும் புரிகிறது, அதுதான் அதன் பலம்.

காட்சி முடிந்த கையோடு தாளைக் கொடு. ஒவ்வொரு உணர்ச்சிக்கும் 0 முதல் 8 வரை மதிப்பெண் போடட்டும். துக்கத்துக்கு 6 போட்டவர் மற்ற எல்லாவற்றுக்கும் 5 அல்லது குறைவாகப் போட்டிருந்தால்தான் அவரிடம் காட்சி குறி தப்பவில்லை என்று எண்ணு. சராசரியை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவாய்: சராசரி துக்கம் உயர்ந்தே நிற்கும், கோபமும் கூடவே உயர்ந்திருக்கும். கோபம்தான் எல்லாவற்றிலும் கடினம், வெறுப்பும் துக்கமும் இல்லாமல் அது தனியாக வருவதே அரிது. தேயிலைத் தோட்டத்தை விட்டுத் துரத்தும் காட்சியை நம் ஆட்களுக்குக் காட்டினால் கோபமும் துக்கமும் ஒன்றாகவே வரும்.

தாளில் போடும் சொற்களையும் பார்த்துக்கொள். தமிழ்நாட்டில் தயாரித்த படிவத்தில் 'கவலை' என்றால் நாளையை நினைத்து மனம் குழம்புவது. இங்கே இலங்கையில் 'கவலையாக இருக்கு' என்றால் பெரும்பாலும் துக்கம். அப்படியே அச்சிட்டால் பதற்றம் என்று நீ நினைக்கும் பத்தியில் துக்கம் வந்து உட்காரும். 'மனவருத்தம்', 'பதற்றம்' என்று பிரித்துப் போட்டு, நாலைந்து பேரிடம் வாய்விட்டு அர்த்தம் கேட்டுப் பார். 'எப்படி உணர வேண்டும் என்பதை அல்ல, உண்மையில் உணர்ந்ததை எழுதுங்கள்' என்ற வரியும், 'முன்பே பார்த்தீர்களா' என்ற கேள்வியும் கட்டாயம் இருக்கட்டும்.

எந்த உணர்ச்சியையும் கிளப்பாத நடுநிலைக் காட்சிக்கு நீ தேயிலை மலை வைத்திருக்கிறாய். அது வெளியூர்க்காரருக்கு அழகு, நாள் முழுக்கக் கொழுந்து எடுத்தவருக்கு வேலை. நடுநிலை இரண்டு பேருக்கும் இல்லை. அசையும் கோடுகளோ நிறப் பட்டைகளோ போதும். அதையே காட்சிக்குக் காட்சி நடுவிலும் ஓடவிடு, முந்தையதன் மிச்சம் கொஞ்சம் அடங்கும். வரிசையை ஆளுக்கு ஆள் மாற்று. ஆனால் துக்கத்தோடு யாரையும் வீட்டுக்கு அனுப்பாதே, கடைசியில் சிரிப்புக் காட்சி ஒன்று கட்டாயம் வை. நடுவில் எழுந்து போகலாம் என்று முதலிலேயே சொல்லிவிடு. நம் பெண்கள் மரியாதைக்காக உட்கார்ந்தே இருப்பார்கள், அதனால் இரண்டாம் முறையும் சொல்.

அச்சுக்குக் கொடுக்கும் முன் சொற்பட்டியலை எனக்கு அனுப்பு.

அன்புடன்,
ராஜா