தோட்ட ஆப்பீசின் பழைய செக்ரோல்களை எரித்துவிடாதீர்கள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் தோட்டங்களை நடத்திவரும் நிறுவனங்களின் நிர்வாகத்தினருக்கும் தோட்ட மேலாளர்களுக்கும் சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதும் திறந்த மடல்.

மதிப்பிற்குரியீர், வணக்கம்.

என் தாத்தா நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் இருந்தவர். 1943இல் தோட்டத்தை விட்டுப் போனார். போர் முடிந்தபின் திரும்பி வந்து மறுபடியும் பால்மரம் (ரப்பர்) சீவினார். எங்கள் குடும்பத்துக்குத் தெரிந்தது இவ்வளவுதான். அவரும் அதிகம் பேசவில்லை, கேட்க வேண்டிய வயதில் நாங்களும் கேட்கவில்லை. நான்கு ஆண்டுகளாக அவருடைய படை வாழ்க்கையின் சுவடுகளைத் தேடி வருகிறேன். கடைசியில் அவரை எனக்குக் காட்டியது டெல்லியோ லண்டனோ அல்ல, ஒரு தோட்ட ஆப்பீசில் தொழிலாளரின் வருகையும் சம்பளமும் குறித்துவைத்த செக்ரோல் புத்தகம். அதனால்தான் இதை உங்களுக்கு எழுதுகிறேன்.

எல்லாரும் போகும் வழியில்தான் நானும் முதலில் போனேன். இந்தியப் பாதுகாப்பு அமைச்சு 1997இல் இந்திய தேசிய ராணுவம் தொடர்பான 990 கோப்புகளை ரகசியம் நீக்கி டெல்லியிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்திடம் ஒப்படைத்தது. அக்காப்பகத்தின் அபிலேக் படல் இணையத்தளத்தில் கோப்புத் தலைப்புகளை வீட்டிலிருந்தே தேடலாம். லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் இந்திய அலுவலகப் பதிவுகள் இருக்கின்றன. ஆனால் போருக்குப் பிறகு பிரிட்டிஷார் விசாரித்து வெள்ளை, சாம்பல், கறுப்பு என்று தரம் பிரித்தது பெரும்பாலும் யாரை என்றால், 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்தபோது பிடிபட்டுப் பின்னர் நேதாஜியோடு சேர்ந்த பழைய பிரிட்டிஷ் இந்திய ராணுவச் சிப்பாய்களை. அவர்களுக்குப் படை எண் இருந்தது, ரெஜிமெண்ட் இருந்தது. எனவே காகிதமும் இருந்தது. 1943 ஜூலையில் நேதாஜி சிங்கப்பூரில் அழைப்பு விடுத்தபின் மலாயாத் தோட்டங்களிலிருந்து போய்ச் சேர்ந்த நம் ஆட்கள் சாதாரணக் குடிமக்கள். படை கலைந்ததும் அவர்களில் பெரும்பாலோர் இங்கேயே விடுவிக்கப்பட்டு, போன வழியே தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துக்குத் திரும்பினார்கள். சரணடையும் வேளையில் படையின் தாள்கள் பலவும் அழிக்கப்பட்டுவிட்டன.

எங்கோ ஒரு தாளில் பெயர் கிடைத்தாலும் ஆள் கிடைப்பதில்லை. முத்துசாமி, ராமசாமி போன்ற பெயர்களை எழுத்தர்கள் தத்தம் காதில் விழுந்தபடியெல்லாம் ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறார்கள். தாத்தாவின் பெயரும் அப்படிப்பட்டதுதான். எங்கள் தோட்டத்தில் மட்டும் அதே பெயரில் மூன்று பேர், பெரியவர், குட்டையர், ஸ்டோர்க்காரர் என்று அடைமொழி வைத்துத்தான் அழைத்தார்கள். வேலை எண், தகப்பனார் பெயர், லயத்து வீடு ஆகிய மூன்றும் ஒரே வரியில் இருந்த இடம் செக்ரோல் ஒன்றே.

அந்தத் தோட்டத்தின் பழைய ஆப்பீசைச் சில ஆண்டுகளுக்கு முன் இடித்தபோது, அலமாரிகளில் இருந்த புத்தகங்களை ஸ்டோருக்குப் பின்னால் குவித்து எரித்துவிட்டார்கள். கெட்ட எண்ணத்தோடு செய்ததாக நான் சொல்லமாட்டேன். கரையான் பிடித்த குப்பை என்றே நினைத்திருப்பார்கள். ஓய்வுபெற்ற பெரிய கிராணி (தலைமை எழுத்தர்) ஐயா ஒருவர் மனம் பொறுக்காமல் இரண்டே இரண்டு புத்தகங்களை எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோனார். ஒன்று 1941, மற்றது 1946.

அவற்றை அவருடைய சாப்பாட்டு மேசையில் பிரித்துப் பார்த்தேன். நாளுக்கு ஒரு கட்டம், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்கு வந்த நாளில் பென்சில் கோடு, கடைசிப் பத்தியில் சம்பளம் வாங்கியதற்கு அடையாளம். 1941 புத்தகத்தில் தாத்தாவின் பெயருக்கு எதிரே மை வழிந்த இடது பெருவிரல் ரேகை. 1946 புத்தகத்தில் வேலை எண் மாறியிருந்தது. தகப்பனார் பெயரும் லயத்து வீடும் அவையேதான். ஆனால் அங்கே ரேகை இல்லை. ரோமன் எழுத்தில் ஒரு கையொப்பம் இருந்தது. அதில் ‘எஸ்’ என்ற எழுத்து இடம் வலமாகத் திரும்பியிருந்தது.

தாத்தா பள்ளிக்கூடத்து வாசலை மிதிக்காதவர். இந்திய தேசிய ராணுவத்திலோ இந்துஸ்தானி மொழியை ரோமன் எழுத்தில்தான் கற்றுக்கொடுத்தார்கள். அந்த எழுத்துகளை அவர் வேறெங்கே கற்றிருப்பார்? எந்த அலுவலகத்திலும் இது சான்றாகச் செல்லாது என்பதை அறிவேன். ஆனாலும் முகாமில் யாரோ அவர் கையில் பென்சிலைக் கொடுத்திருக்கிறார்கள் என்பதை எங்களுக்குச் சொன்னது அந்தப் பக்கம்தான். என் அப்பா அந்த எழுத்தின்மேல் விரலை வைத்து எடுக்காமலேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

இது படைக்குப் போனவர்களின் குடும்பங்களுக்கு மட்டும் உரிய செய்தி அன்று. போர்க்காலத்தில் ஜப்பானியர் போட்ட 415 கிலோமீட்டர் சயாம் மரண ரயில் பாதைக்கு நம் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்டுத் திரும்பாதவர்களில் மிகப் பலருக்குப் பெயர் பொறித்த கல்கூட இல்லை. இன்ன மாதம்வரை இந்த மனிதர் இங்கே உழைத்தார் என்று காட்டக்கூடிய தாள் எங்காவது மிஞ்சியிருந்தால், அது உங்கள் அலமாரிகளில்தான் இருக்கும். 1950களில் தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்ட காலத்திலேயே நிறையத் தொலைந்திருக்கும். அந்தத் துண்டாடலின் கொடுமையைக் கண்டுதான் எங்கள் சுங்கை சிப்புட்டில் பிறந்த அரசியல் தலைவர் துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். எஞ்சிய பால்மரத் தோட்டங்கள் இப்போது செம்பனைக்கும் வீடமைப்புத் திட்டங்களுக்கும் இடம்விட்டுப் போய்க்கொண்டிருக்கின்றன.

மலேசியாவின் 2003ஆம் ஆண்டுத் தேசிய ஆவணக் காப்பகச் சட்டப்படி, அரசு அலுவலகங்கள் தலைமை இயக்குநரின் இசைவின்றிப் பொது ஆவணங்களை அழிக்க முடியாது. தனியார் தோட்ட ஆப்பீசின் செக்ரோலுக்கு அந்தக் காவல் இல்லை. உங்கள் நல்லெண்ணம் ஒன்றே அதற்குக் காவல். ஆகவே, பழைய ஆப்பீசையோ ஸ்டோரையோ காலி செய்வதற்கு ஒரு மாதம் முன்பாகத் தோட்டத்துக் கோவில் நிர்வாகத்துக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள். 1957க்கு முந்தைய புத்தகங்களைக் கோலாலம்பூர் தேசிய ஆவணக் காப்பகத்துக்கு நன்கொடையாகக் கொடுப்பது பற்றி அதன் அதிகாரிகளிடம் பேசுங்கள். கொடுக்க மனமில்லையென்றால், பக்கம் பக்கமாகப் படமெடுத்துக்கொள்ளவாவது அனுமதியுங்கள். உங்கள் கணக்கு வழக்குகளைத் துருவுவது எங்கள் நோக்கமன்று. பெயரும் தேதியும் கைநாட்டும் இருந்தால் எங்களுக்குப் போதும்.

கிராணி ஐயாவிடம் இருந்த இரண்டு புத்தகங்களையும் படமெடுத்து முடித்துவிட்டேன். அதற்கு ஒரு கைப்பேசியும், சன்னல் வெளிச்சமும், இரண்டு சனிக்கிழமைகளும் தேவைப்பட்டன. உங்கள் அறையைத் திறக்கும் நாளைச் சொல்லுங்கள், நானே வருகிறேன்.

இப்படிக்கு,
சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு பேரன்