போத்தல் தந்தவர்களுக்கும் தண்ணீர் தந்தவர்களுக்கும் நன்றி

ஒட்டுசுட்டான், புதுக்குடியிருப்புப் பக்க முன்பள்ளிகளில், அழகுசாதனப் பொருட்களால் பிள்ளைகளுக்கு ஏற்படும் இரசாயனக் காயம் பற்றித் தாய்மாரோடு பேசக் கைகொடுத்த எல்லோருக்கும் இந்த மடல்.

வெறும் போத்தலும் ரியூப்பும் சேர்த்துத் தந்த சலூன்காரத் தம்பிக்கு முதல் நன்றி. பொருளைக் கண்ணால் காணாமல் இந்தக் கதை ஒருவருக்கும் ஏறாது. மயிர் நீக்கும் கிறீம், முடி நேராக்கும் கிறீம் இரண்டும் கடும் காரம், அதாவது அமிலத்துக்கு எதிரானது. காரத்தைக் காட்டும் அளவான பிஎச் சிலதில் 12ஐத் தாண்டும். காரம் தோலின் கொழுப்பைச் சவர்க்காரமாக்கிக்கொண்டே உள்ளே இறங்கும். தொடக்கத்தில் வழுவழுப்புத்தான், எரிவு குறைவு. "ஒண்டுமில்லை" என்று துடைத்துவிட்டு இருந்துவிடுவது அதனால்தான்.

துடைத்தால் போகாது என்று காட்டியவர் விஞ்ஞான ரீச்சர். கிறீம் பூசித் துடைத்த பீங்கானில் ஈரச் சிவப்பு லிட்மஸ் தாளை வைத்தார், நீலமாகிவிட்டது, காரம் இன்னும் இருக்கிறது என்று அர்த்தம். கனநேரம் தண்ணீர் ஊற்றிய பிறகுதான் நிறம் மாறாமல் நின்றது. தேசிக்காய்ப்புளி விட்டுக் காரத்தை முறிக்கலாமா என்று ஒவ்வொரு இடத்திலும் யாரோ கேட்டார்கள். கூடாது, அது சூட்டைக் கிளப்பும். பற்பசையும் எண்ணெயும் வேண்டாம்.

கோடையிலும் தண்ணீர் இறக்கித் தந்த பவுசர் அண்ணைக்கு மிக்க நன்றி. கிறீம் பட்ட இடத்தில் கோப்பையால் நிமிடத்துக்கு 2 லீற்றர் ஊற்றினாலும் 20 நிமிடத்துக்கு 40 லீற்றர் வேண்டும். அது ஆகக் குறைந்த அளவு. காரமென்றால் இன்னும் ஊற்றலாம். உடுப்பைத் தலைவழியே இழுக்காமல் வெட்டி எடுங்கள். காப்பையும் அரைஞாணையும் கழற்றுங்கள், கிறீம் அவற்றின் அடியில் தங்கும். கண்ணில் பட்டால் அந்தக் கண் கீழே இருக்கத் தலையைச் சரித்து, இமையை விரித்து ஊற்றுங்கள்.

செயற்கை நகம் ஒட்டும் பசை வேறு விதம். பருத்திச் சட்டையில் சிந்தினால் நூலோடு சேர்ந்து நொடியில் பொசுக்கும் சூடாகும். தண்ணீர் ஊற்றுங்கள், ஒட்டிய துணியைப் பிய்க்காமல் அப்படியே ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

குடும்பநல உத்தியோகத்தர் அக்கா, விழுங்கிய பிள்ளையை வாந்தி எடுக்க வைக்காதீர்கள், போத்தலையும் கூடவே கொண்டுவாருங்கள் என்று சலிக்காமல் சொன்னார். ஒருவர் ஊற்ற மற்றவர் 1990 அம்புலன்சுக்கு அழைக்கவேண்டும் என்பதும் அவர் சொன்னதே.

வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் நேரம் கறுப்பு மருதாணி விற்கமாட்டேன் என்ற கடைக்கார அம்மாவுக்கும் நன்றி. அதில் கலக்கும் தலைச்சாயப் பொருள் சில நாள் கழித்துக் கொப்புளம் போடவைக்கும். அந்த ஒவ்வாமை ஆயுளுக்கும் நிற்கலாம்.

நகப் பசையின் வெறும் ரியூப் இன்னும் கிடைக்கவில்லை. வைத்திருப்பவர்கள் முன்பள்ளியில் கொடுத்துவிடுங்கள், மூடியோடு.