எக்ஸ்எல்லின் ஸ்பீடை ஏத்தச் சொல்லும் தம்பிமாருக்கு ஒரு திறந்த மடல்

தம்பிமாரே,

போன ஆடியில் நாங்குநேரிப் பக்கமிருந்து ஒரு பழைய டிவிஎஸ் எக்ஸ்எல் சூப்பர் மொபெட், குட்டியானையில் ஏறி திருநெல்வேலி பேட்டையில் இருக்கும் என் பட்டறைக்கு வந்தது. கூட வந்த பையனுக்கு இருபது வயது இருக்கும். "நல்லாத்தான் போய்ட்டிருந்துச்சு அண்ணாச்சி. டோல்கேட் தாண்டினதும் படக்குன்னு நின்னுட்டு. மிதிச்சா அசைய மாட்டேங்கு" என்றான்.

ஹெட்டையும் சிலிண்டரையும் கழற்றினேன். சிலிண்டர் சுவரில் மேலிருந்து கீழாக, பூனை பிறாண்டியதுபோல நாலு கோடு. பிஸ்டனில் சைலன்சரைப் பார்த்த பக்கம் அலுமினியம் இளகி ரிங்கின்மேல் அப்பியிருந்தது. பிளக் முனை சுண்ணாம்பாக வெளுத்திருந்தது.

"என்னடே செஞ்ச வண்டிய?"

"ஒண்ணும் செய்யல அண்ணாச்சி. சைலன்சருக்குள்ள இருந்தத வெட்டி எடுத்தேன். ஏர் ஃபில்ட்டரத் தூக்குனேன். முன்னால பல்சக்கரத்துல ஒரு பல்லு கூடப் போட்டேன். அவ்வளவுதான்."

இந்த "ஒண்ணும் செய்யல"வை மாதத்துக்கு இரண்டு மூன்று தடவையாவது கேட்கிறேன். ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலிப்பதால் மொத்தமாக எழுதிவிடுகிறேன்.

வேகத்தைக் கூட்டுவது எப்படி என்று நீங்கள் பார்க்கிற வீடியோக்களில் பாதி ஐரோப்பாவில் எடுத்தவை. அங்கே 50 சிசி மொபெட் 45 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகக் கூடாது என்பது சட்டம். இன்ஜினோ அதைத் தாண்டி ஓடக்கூடியது. அதனால் கம்பெனிக்காரனே கட்டிப்போட்டு விற்கிறான்: சைலன்சர் வாயில் துளை சிறுத்த ஒரு வாஷர், வேகத்துக்கேற்ப கியரைத் தானே மாற்றும் வேரியேட்டரில் ஒரு வளையம், பிளக்குக்குப் பொறி அனுப்பும் சிடிஐ பெட்டியில் ஒரு வரம்பு. அவற்றை எடுத்தால் வண்டிக்குள் ஏற்கெனவே இருந்த வேகம் வெளியே வரும். எடுத்துவிட்டு ரோட்டில் ஓட்டுவது அங்கேயும் குற்றம்தான், அதை வீடியோவில் சொல்வதில்லை.

நம் எக்ஸ்எல்லில் அந்த வாஷரைத் தேடாதீர்கள். வேரியேட்டரே கிடையாது. 69.9 சிசி டூ ஸ்ட்ரோக் இன்ஜின், ஆட்டோ கிளட்ச், ஒரே கியர், ஒரு செயின், அவ்வளவுதான். 1980-இல் டிவிஎஸ் 50 வந்த நாளிலிருந்து இந்த வம்சத்துக்குக் கொடுத்த வேலை சுமை இழுப்பது. களக்காட்டு வாழைத்தாரையும் முக்கூடல் பீடி இலை மூட்டையையும் இழுப்பதற்காகச் செய்த வண்டியில், இல்லாத பூட்டை உடைக்கப் பார்க்கிறீர்கள்.

சைலன்சரை வெட்டினால் என்ன ஆகிறது? இந்த டூ ஸ்ட்ரோக்கில் ஃபோர் ஸ்ட்ரோக் மாதிரி ஏறி இறங்கும் வால்வு கிடையாது. பிஸ்டன் இறங்கும்போது புகை போகிற துளையும் புதுக் கலவை வருகிற துளையும் கொஞ்ச நேரம் சேர்ந்தே திறந்திருக்கும். எரியாத கலவையில் கொஞ்சம் புகையோடு சேர்ந்து சைலன்சருக்குள் நழுவும். சைலன்சரின் வயிறும் உள்குழாயும் சரியாக இருந்தால், அங்கே மோதித் திரும்பும் அழுத்த அலை அதைச் சிலிண்டருக்குள்ளேயே தள்ளிவிடும். வெட்டியெறிந்தால் அந்தப் பெட்ரோல் தெருவுக்குப் போகும். சத்தம் கூடும், இழுவை குறையும். சத்தத்தைக் கேட்டு வேகம் கூடிவிட்டதாகக் காது நம்பிவிடுகிறது.

நானும் இதைச் செய்தவன்தான். வேலை பழகிய காலத்தில் பால் ஊற்றும் என் மாமாவின் டிவிஎஸ் 50 சைலன்சரை அவருக்குத் தெரியாமல் வெட்டினேன். மறுநாள் தெருமுக்கு திரும்புவதற்குள் அவருக்குத் தெரிந்துவிட்டது. இரண்டு கேனோடு பாலத்து ஏற்றத்தில் வண்டி திணறியதும் இறங்கி உருட்டிக்கொண்டே பட்டறைக்கு வந்தார். அவர் திட்டியதை இங்கே எழுத முடியாது.

அடுத்தது ஏர் ஃபில்ட்டர். அதைத் தூக்கினால் காற்று தாராளமாக வரும், கார்புரேட்டரில் பெட்ரோல் வருகிற சின்னத் துளை, அதாவது ஜெட் மட்டும் பழைய அளவிலேயே இருக்கும். பெட்ரோல் குறைந்த கலவை சூடாக எரியும். அதோடு, இந்த வண்டியில் ஆயில் தனியாக வருவதில்லை, பெட்ரோலோடு கலந்துதான் வருகிறது. பெட்ரோல் குறைந்தால் ஆயிலும் குறையும். ஆடிக்காற்று ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக எதிரே மூஞ்சியில் அடிக்க, நாலுவழிச் சாலையில் அரை மணி நேரம் ஆக்சிலேட்டரை முழுசாக முறுக்கிப் பிடித்தால் பிஸ்டன் சிலிண்டரைக் கட்டிப்பிடித்துக்கொள்ளத்தான் செய்யும். இன்னொன்று: முழு வேகத்தில் போய்ச் சட்டென்று ஆக்சிலேட்டரை மூடி இறக்கத்தில் விட்டால், இன்ஜின் சுற்றிக்கொண்டே இருக்கும், ஆயில் வரத்து அனேகமாக நின்றிருக்கும்.

முன்னால் பல்சக்கரத்தில் ஒரு பல் கூட்டினால் காற்றில்லாத சமதளத்தில் ஆள் ஒருத்தன் மட்டும் போனால் கொஞ்சம் கூடுதலாக ஓடும், அது உண்மை. பின்னால் ஆளையோ மூட்டையையோ ஏற்றினால் கிளட்ச் பிடிக்காமல் வழுக்கி, அதன் ஷூ கருகி நாறும்.

சரி, செய்தாகிவிட்டது, வண்டி மக்கர் பண்ணுகிறது. என்ன செய்வது?

ஓடிக்கொண்டிருக்கும்போதே பிஸ்டன் பிடித்துக்கொண்டால் மிதிக்காதீர்கள். நிழலில் நிறுத்தி நன்றாக ஆறவிடுங்கள். ஆறியபின் சில வண்டி ஸ்டார்ட் ஆகிவிடும். ஆகிவிட்டதே என்று ஓட்டிப் போகாதீர்கள், கோடு ஏற்கெனவே விழுந்திருக்கும்.

முதலில் பிளக்கைக் கழற்றி நிறத்தைப் பாருங்கள். காப்பித்தூள் நிறம் என்றால் கலவை சரி. கறுப்பாக ஈரமாக இருந்தால் பெட்ரோலோ ஆயிலோ அதிகம். பெரிய ஜெட் போட்டவர்களுக்கு இப்படி வரும், வண்டி மிஸ்ஸிங் அடிக்கும். வெள்ளையாக இருந்தால் காற்று அதிகம். ஃபில்ட்டரைத் திரும்பப் போடாமல் வேறு எதிலும் கை வைக்க வேண்டாம்.

ஃபில்ட்டர் போட்டும் வெள்ளையாகவே இருக்கிறதா? ஆக்சிலேட்டரை விட்டபிறகும் இன்ஜின் தானாக ரேஸ் ஆகிறதா? எங்கோ காற்று இழுக்கிறது. கார்புரேட்டர் சேரும் இடத்துப் பேக்கிங்கைப் பாருங்கள். நீங்கள் கழற்றி மாட்டியபோது நெளிந்திருக்கும், அல்லது போல்ட் ஒரு பக்கம் மட்டும் இறுகியிருக்கும். அது சரியென்றால், கரண்ட் எடுக்கும் மேக்னட் பக்கத்தில் கிராங்கைச் சுற்றியிருக்கும் ரப்பர் வளையம், அதாவது ஆயில் சீல். பழைய வண்டிகளில் ரப்பர் காய்ந்து விறைத்திருக்கும். டூ ஸ்ட்ரோக்கில் கலவை முதலில் பிஸ்டனுக்குக் கீழே இருக்கும் கிராங்க் அறைக்குள்தானே போகிறது, சீல் கசிந்தால் அங்கேயே வெறுங்காற்று கலந்துவிடும். இதைக் கண்டுபிடிக்காமல் ஜெட்டை மாற்றி மாற்றிப் பார்த்துச் சம்பளத்தைத் தொலைத்தவர்களை எனக்குத் தெரியும்.

ஆயில் லிட்டருக்கு 20 மில்லி. புகை வருகிறதென்று குறைக்காதீர்கள். பாதுகாப்புக்கென்று இரண்டு மடங்கு ஊற்றவும் வேண்டாம்: ஆயில் எடுத்துக்கொண்ட இடத்தில் பெட்ரோல் வராது, அதனாலும் கலவையில் பெட்ரோல் குறையும். சொன்னால் பல மெக்கானிக்குகளே நம்புவதில்லை.

கோடு விழுந்த சிலிண்டரை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து ஏமாற்றாதீர்கள். லேத் பட்டறையில் சிலிண்டரை உள்ளே கொஞ்சம் பெரிதாகக் கடைந்து (போர் எடுத்து), அதற்கேற்ற ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டு, முதல் 500 கிலோமீட்டரை நாற்பதுக்கு மேல் தாண்டாமல் ஓட்டுங்கள். நாங்குநேரித் தம்பிக்கும் அதைத்தான் செய்துகொடுத்தேன்.

எக்ஸ்எல் 100 வைத்திருப்பவர்களுக்கு: அது 99.7 சிசி ஃபோர் ஸ்ட்ரோக், மேலே சொன்ன சைலன்சர், ஆயில் கதை அதற்குப் பொருந்தாது. 2020-க்குப் பிறகு வந்தவற்றில் பெட்ரோலைக் கம்ப்யூட்டர்தான் அளந்து விடுகிறது. ஸ்க்ரூ டிரைவரோடு அதன் பக்கம் போகாதீர்கள்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். வண்டியை இப்படி மாற்றினால் மாற்றத்துக்கு 5,000 ரூபாய் வீதம் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ உண்டு. அப்புறம், 16 வயதில் ஓட்டலாம் என்பது 50 சிசி வரைக்கும்தான், எக்ஸ்எல்லுக்குச் செல்லாது. பள்ளிக்கூடத்துப் பையன் மாட்டினால் 25,000 ரூபாய் அபராதமும் மூன்று வருடம் வரை சிறையும் வண்டியைக் கொடுத்த அப்பாவின் தலையில் விழும்.

வண்டியைக் கொண்டு வரும்போது கழற்றிய சாமான்களையும் ஒரு பையில் போட்டுக் கொண்டு வாருங்கள். உள்குழாய், ஃபில்ட்டர் மூடி, பழைய ஜெட், பழைய பல்சக்கரம் எல்லாம். பழைய இரும்பு வாங்கும் ஆக்கர்க்காரனுக்குப் போட்டுவிட்டேன் என்றால் புதுசு வாங்கத்தான் வேண்டும், அந்தக் காசுக்கு என்னிடம் முறைக்கக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வரை பட்டறை திறந்திருக்கும்.

இப்படிக்கு,
பேட்டை மெக்கானிக் அண்ணாச்சி