ஒன்பது மணிச் செய்தி

லண்டன்
8 ஜூன் 1944

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீயும் அம்மாவும் குழந்தைகளும் நலமாக இருக்க வேண்டுகிறேன். நீ மார்ச் மாதம் போட்ட கடிதம் போன வாரம்தான் வந்தது. தணிக்கைக்காரர்கள் உறையைப் பிரித்துப் பார்த்துவிட்டு மறுபடி ஒட்டியிருந்தார்கள். லண்டன் ரேடியோவில் மலாயாவைப் பற்றி ஏதாவது சொன்னார்களா என்று ஒரே கடிதத்தில் மூன்று இடத்தில் கேட்டிருக்கிறாய். உன்னைக் காக்க வைக்க மனசில்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அத்தான் இருக்கும் பக்கத்தைப் பற்றி இன்னும் ஒன்றும் இல்லை. ஆனால் முந்தாநாள், செவ்வாய்க்கிழமை, இங்கே ரேடியோ சொன்ன சமாசாரத்தை உனக்கு எழுதாமல் இருக்க முடியவில்லை.

காலை எட்டு மணிச் செய்தியிலேயே ஏதோ நடக்கப்போகிறது என்று தெரிந்துவிட்டது. ஜெர்மானியர் பிடித்து வைத்திருக்கும் நாடுகளில் கடற்கரையோரம் குடியிருப்பவர்கள் ஜாக்கிரதையாக இருக்கச் சொல்லி எச்சரிக்கை வாசித்தார்கள். வீட்டுக்கார அம்மாள் ரொட்டி அறுத்துக்கொண்டிருந்தவள் கத்தியை அப்படியே வைத்துவிட்டாள். அவளுடைய ஒரே மகன் பட்டாளத்தில் இருக்கிறான். ஒரு மாதமாக அவனிடமிருந்து கடிதம் இல்லை.

நான் பட்டறைக்குப் போய்விட்டேன். எந்தப் பட்டறை, என்ன செய்கிறோம் என்பதெல்லாம் எழுதக் கூடாது. லேத்தில் நிற்கிறேன் என்ற அளவில் தெரிந்துகொள். எங்களுக்கு ஒலிபெருக்கி வைத்திருக்கிறார்கள். தினமும் பத்தரை மணிக்கு அரை மணி நேரம் பாட்டுப் போடுவார்கள், மத்தியானமும் ஒரு தரம். வேலை செய்பவர்களுக்கென்றே 1940-இல் ஆரம்பித்த நிகழ்ச்சி அது. கை தளர்ந்துவிடும் என்று மெதுவான பாட்டாக எதையும் போடுவதில்லை. நம் ஊரில் நாற்று நடுகிறவர்கள் பாடுவதைத்தான் நினைத்துக்கொள்வேன்.

அன்று ஒன்பதரை தாண்டி இரண்டு நிமிஷம் இருக்கும், பாட்டு நேரமே இல்லை, ஒலிபெருக்கியில் கரகரப்புக் கேட்டது. பிறகு ஜான் ஸ்நாக் என்பவரின் குரல். ஜெனரல் ஐசன்ஹோவரின் தலைமையில் நேச நாட்டுப் படைகள் இன்று காலை பிரான்சின் வட கரையில் இறங்கத் தொடங்கிவிட்டன என்றார். அக்கா, நான் இரும்பில் கத்தியை ஓட்டிக்கொண்டிருந்தேன். நீலம் பூத்த சுருள் ஒன்று நீண்டு என் மணிக்கட்டு வரை வந்துவிட்டது. அதைத் தட்டிவிடக்கூடத் தோன்றவில்லை. யாரும் கூச்சல் போடவில்லை. பக்கத்து மிஷினில் நிற்கும் கிழவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து மாட்டிக்கொண்டு வேலையைத் தொடர்ந்தார். நானும் தொடர்ந்தேன்.

ஒரு மணிச் செய்தி நேரத்தில் சாப்பாட்டுக் கூடத்தில் உட்கார இடமில்லை. 4,000-க்கு மேல் கப்பல்கள் போயிருக்கின்றன என்று சர்ச்சில் பார்லிமென்டில் சொன்னாராம். சிறு படகுகள் அந்தக் கணக்கில் சேராது.

இரவு ஒன்பது மணிக்கு நாங்கள் ஐந்து பேர் அடுக்களையில் கூடினோம். இப்போது கடிகாரத்தை இரண்டு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்திருப்பதால் ஒன்பது மணிக்கும் வெயில் இருக்கிறது. வால்வு சூடேற வேண்டும் என்று வீட்டுக்கார அம்மாள் எப்போதும் ஐந்து நிமிஷம் முன்னாலேயே ரேடியோவைத் திருப்பி வைத்துவிடுவாள். அன்று அரை மணி முன்பே வைத்துவிட்டாள். ராஜா பேசினார். அவருக்குத் திக்குவாய். ஒவ்வொரு சொல்லாக நிதானமாக எடுத்து வைத்துப் பேசினார், நாட்டையே பிரார்த்தனை செய்யச் சொன்னார். செய்தி முடிந்ததும் 'வார் ரிப்போர்ட்' என்று புதிதாக ஒன்று. பி.பி.சி. ஆட்கள் படையோடு கூடவே போயிருக்கிறார்கள். 40 ராத்தல் எடையில் ஒலிப்பதிவுப் பெட்டி ஒன்று செய்து கொடுத்திருக்கிறார்களாம், அதைத் தூக்கிக்கொண்டு போய்ப் பார்த்ததை அங்கேயே இசைத்தட்டில் பதிந்துவிடுகிறார்கள். ஆள் பேசும்போதே பின்னால் விமான இரைச்சலும் கேட்கிறது. அந்த இரைச்சலுக்குள் மகன் குரல் கேட்டுவிடுமோ என்பதுபோல அந்த அம்மாள் காதைப் பெட்டியோடு ஒட்டி வைத்துக்கொண்டாள். எனக்குத் தாங்கவில்லை.

இவர்கள் சொல்வதை எல்லாம் நம்பலாமா என்று கேட்டிருந்தாய். நம் தேசத்துச் சமாசாரத்தில் எதைச் சொல்வார்கள், எதைச் சொல்ல மாட்டார்கள் என்று உனக்கே தெரியும். அதற்கு மேல் எழுதினால் கத்தரிக்கோல் விழும். மழை வருமா என்பதைக்கூட ஐந்து வருஷமாக ரேடியோவில் சொல்வதில்லை, எதிரிக்கு உதவும் என்று. ஆனால் தங்கள் தோல்வியை மறைக்காமல் சொன்னார்கள். 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் விழுந்ததைச் சர்ச்சிலே ரேடியோவில் சொன்னார். அந்த இரவு அத்தானை நினைத்து நான் தூங்கவில்லை. ஆனாலும் அன்றைக்குத்தான் இவர்கள் பேச்சில் எனக்கு நம்பிக்கை வந்தது.

இன்னொன்றும் உண்டு. 1940 அக்டோபர் 15-ஆம் தேதி இதே ஒன்பது மணிச் செய்தியைக் கேட்டுக்கொண்டிருந்தேன். புரூஸ் பெல்பிரேஜ் வாசித்துக்கொண்டிருந்தார். 'டொம்' என்று ஒரு சத்தம். கொஞ்சம் நிறுத்தினார். யாரோ மெதுவாக ஏதோ சொன்னது கேட்டது. பிறகு விட்ட இடத்திலிருந்து வாசித்து முடித்தார். குண்டு விழுந்தது அவர்கள் கட்டடத்திலேயே என்றும் ஏழு பேர் போய்விட்டார்கள் என்றும் பின்னால்தான் தெரிந்தது. செய்தி வாசிப்பவர்கள் இப்போது பேரைச் சொல்லிவிட்டு ஆரம்பிக்கிறார்கள். எதிரி யாராவது புகுந்து பொய்ச் செய்தி வாசித்தால் குரலை வைத்துக் கண்டுபிடிக்க வேண்டுமே. எனக்கு அவர்கள் குரலெல்லாம் நம் தெருக்காரர்கள் குரல் மாதிரி பழகிவிட்டது.

நான் கப்பலேறிய 1939-இல்தான் திருச்சி ஸ்டேஷனைத் திறந்தார்கள். நீயும் நானும் அத்தானும் பார்க்கில் நின்று கேட்டது ஞாபகம் இருக்கிறதா? நாகஸ்வரம் முடியும் வரை அத்தான் நகரவே இல்லை. அடுத்த மாதமே அவர் பினாங்குக்குப் போய்விட்டார்.

எல்லோரும் படுக்கப் போன பிறகு நான் ரேடியோ முன்னால் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். முள் நகரும் கண்ணாடியில் பாரிஸ், பிரஸ்ஸல்ஸ், வார்சா என்று ஊர்ப் பெயர்கள் அச்சடித்திருக்கும். இத்தனை வருஷமாக அந்த இடங்களில் முள்ளை வைத்தால் ஜெர்மானியர் பேச விட்டதுதான் கேட்கும். பாரிஸ் மேல் வீட்டுக்கார அம்மாள் விரலை வைத்த தடம் அப்படியே இருந்தது. பினாங்கு அந்தக் கண்ணாடியில் இல்லை. ஆனாலும் தினம் ஒன்பது மணிக்கு நான் காத்திருப்பது அந்தப் பெயருக்குத்தான். கேட்ட அன்றைக்கே உனக்குத் தந்தி கொடுப்பேன்.

ஒரு காரியம் செய். அத்தானின் கடைசிக் கடிதத்தில் இருந்த விலாசத்தை, தெருப் பெயர், வீட்டு எண், அவர் வேலை பார்த்த கம்பெனியின் பெயர் எல்லாவற்றோடும் தெளிவாக எழுதி அனுப்பு. இங்கே செஞ்சிலுவைச் சங்கத்தில் போய் மறுபடி கேட்கப் போகிறேன். போன தடவை அவருடைய தகப்பனார் பெயரின் எழுத்துக்களைக் கேட்டார்கள், எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. அதையும் சேர்த்து எழுது.

அம்மாவுக்கு என் நமஸ்காரம். குழந்தைகளுக்கு முத்தம்.

உன் அன்புத் தம்பி