மூன்றாம் வருடத்தை மூன்றாம் வருடத்தோடு வைத்துப் பாருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

டியூக் பல்கலைக்கழகக் கூடைப்பந்து அணியின் பயிற்சியாளர் ஜான் ஷயரைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நான் வட கரோலினாவில், கேரியில் இருக்கிறேன். டியூக் இருக்கும் டர்ஹம் காரில் அரை மணி நேரம்தான். கட்டுரையில் பல விஷயங்கள் சரியாகத்தான் இருந்தன, ஆனால் கடைசியில் போட்டிருந்த அட்டவணை இரண்டு நாளாக மனதை உறுத்திக்கொண்டே இருக்கிறது. ஒரு பக்கம் 'கோச் கே' என்று எல்லோரும் கூப்பிடும் மைக் ஷெஷெவ்ஸ்கி: 5 தேசியப் பட்டங்கள், 13 ஃபைனல் ஃபோர் (தேசியப் போட்டியின் கடைசி நான்கு அணிகளில் இடம்), 1,202 வெற்றிகள். இன்னொரு பக்கம் ஷயர்: பட்டம் இல்லை, ஃபைனல் ஃபோர் ஒன்று, 89 வெற்றிகள். இப்படி நிறுத்தினால் யார்தான் தேறுவார்கள்? ஒருவர் டியூக்கில் மட்டும் 42 சீசன் இருந்துவிட்டு ஓய்வு பெற்றவர், இன்னொருவருக்கு 2025இல்தான் மூன்று முடிந்தது.

கோச் கேயின் முதல் மூன்று வருடங்களை யாரும் எடுத்துப் போடுவதே இல்லை. 1980இல் வந்தார். முதல் சீசனில் 17 வெற்றி, 13 தோல்வி. அடுத்தது 10க்கு 17. அதற்கடுத்தது 11க்கு 17. கூட்டிப் பார்த்தால் 38 வெற்றி, 47 தோல்வி. ஷயருடைய முதல் மூன்று சீசன் 89 வெற்றி, 22 தோல்வி, கூடவே இரண்டு முறை ஏ.சி.சி. (டியூக் ஆடும் வட்டாரக் கூட்டமைப்பு) கோப்பை. கட்டுரையில் இந்த ஒரு வரி இருந்திருந்தால் படிக்கிறவர்களுக்கு முழுப் படமும் கிடைத்திருக்கும்.

எங்கள் பக்கத்து வீட்டில் ஒரு பெரியவர் இருக்கிறார், டர்ஹமிலேயே பிறந்து வளர்ந்தவர். 1983இல் ஏ.சி.சி. போட்டியில் வர்ஜீனியாவிடம் டியூக் 109க்கு 66 என்று உதை வாங்கிய இரவைப் பற்றி, அது ஏதோ போன வாரம் நடந்தது போலச் சொல்வார். "அந்த ஆளை அனுப்பிவிட்டால்தான் உருப்படும் என்று சொன்னவர்களில் நானும் ஒருவன்" என்று அவரே என்னிடம் சொன்னார். அன்றைக்கு ஊரே அப்படித்தான் பேசியதாம். ஆனால் அடுத்த சீசன் முதல் பயிற்சிக்குப் பையன்கள் வந்தபோது, அரங்கத்தின் ஸ்கோர்போர்டில் 109-66 என்று எரியவிட்டிருந்தார் கோச் கே. அதைவிடப் பெரிய விஷயம், 1984 ஜனவரியில், ரசிகர்கள் கொதித்துக்கொண்டிருந்த நேரத்தில், பல்கலைக்கழகத்தின் விளையாட்டு இயக்குநர் டாம் பட்டர்ஸ் அவருடைய ஒப்பந்தத்தை நீட்டித்துக் கொடுத்தார். அந்தக் கையெழுத்து விழாமல் இருந்திருந்தால் இன்றைக்கு ஒப்பிடுவதற்கு ஒரு கோச் கேயே இருந்திருக்க மாட்டார். முதல் பட்டம் வந்தது 1991இல், 11ஆவது சீசனில்.

இது டியூக் கதை மட்டும் இல்லை. பத்து மைல் தள்ளி, வட கரோலினா பல்கலைக்கழகம் இருக்கும் சேப்பல் ஹில்லில், இன்று அரங்கத்துக்கே பெயராக இருக்கிற பயிற்சியாளர் டீன் ஸ்மித்தின் கொடும்பாவியை 1965இல் சொந்த மாணவர்களே கட்டித் தொங்கவிட்டார்கள். அணி தோற்றுவிட்டு பஸ்ஸில் வந்து இறங்கும்போது அது தொங்கிக்கொண்டிருக்கிறது; பில்லி கன்னிங்ஹம் என்ற வீரர்தான் ஓடிப்போய் அதைப் பிய்த்து எறிந்தார். ஸ்மித்துக்கு முதல் பட்டம் 1982இல்தான் கிடைத்தது. கலிபோர்னியாவின் யு.சி.எல்.ஏ. பல்கலைக்கழகப் பயிற்சியாளர் ஜான் வுடன் 12 வருடத்தில் 10 பட்டம் வாங்கினார் என்று எல்லோருக்கும் தெரியும், ஆனால் அந்த முதல் பட்டம் அவருடைய 16ஆவது சீசனில் வந்தது. அவருக்கு அடுத்து வந்த ஜீன் பார்ட்டோவை நினைத்தால்தான் எனக்குப் பாவமாக இருக்கிறது. இரண்டு சீசனில் 52 வெற்றி, வெறும் 9 தோல்வி, ஒரு ஃபைனல் ஃபோர். அதுவும் போதவில்லை என்று விமர்சித்துத் தள்ளினார்கள். மனுஷன் வேலையை விட்டு அலபாமாவுக்குப் போய்விட்டார்.

சரி, ஷயர் மேல் குறையே இல்லையா? இருக்கிறது. 2025 ஏப்ரலில் சான் அன்டோனியோவில் ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தோடு நடந்த தேசியப் போட்டி அரையிறுதியை அந்தப் பெரியவர் வீட்டில்தான் பார்த்தேன். இரண்டாம் பாதியில் 14 புள்ளி முன்னிலை. கடைசி 35 நொடி இருக்கும்போதுகூட 67-61. பெரியவர் அதற்குள் எழுந்து தொப்பியைச் சரிசெய்துகொண்டார். அப்புறம் ஹூஸ்டன் ஒரு மூன்று புள்ளி போட்டது, எல்லைக்கோட்டிலிருந்து டியூக் உள்ளே எறிந்த பந்தைப் பறித்தது, ஒரு டங்க், 67-66. டியூக்கின் டைரீஸ் ப்ராக்டர் ஃப்ரீ த்ரோவைத் தவறவிட்டார், அதே பந்துக்காக எம்பிய சக வீரர் கூப்பர் ஃப்ளாக் ஃபவுல் செய்தார் என்று விசில், எதிராளிக்கு இரண்டு புள்ளி. ஃப்ளாக் கடைசியாக எறிந்த பந்தும் வளையத்தின் முன் பக்கம் பட்டு விழுந்தது. ஹூஸ்டனுக்கு இன்னும் இரண்டு புள்ளி, முடிவு 70-67. பெரியவர் டி.வி.யை அணைக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். முன்னிலையில் இருக்கும்போது பந்தைப் பத்திரமாக உள்ளே கொண்டுவர முடியாத அணியைப் பற்றிப் பயிற்சியாளரிடம் கேட்கத்தான் வேண்டும். முந்தைய வருடம் கால் இறுதியில் என்.சி. ஸ்டேட்டிடம் தோற்றதையும் கேட்கலாம், 11ஆம் தரவரிசையில் வந்த அணி அது. அந்தக் கேள்விகளைக் கேளுங்கள், நானும் கூடச் சேர்ந்து கேட்கிறேன்.

ஆனால் கட்டுரையாளர் விட்டுவிட்ட இன்னொன்றும் உண்டு. 1991, 92 பட்டங்களை வாங்கித் தந்த கிறிஸ்டியன் லேட்னர் நான்கு வருடம் முழுசாக கோச் கேயிடம் விளையாடினார், பாபி ஹர்லியும் அப்படியே, கிராண்ட் ஹில்லும் அப்படியே. தோற்றார்கள், கற்றுக்கொண்டார்கள், மறுபடி அதே ஆட்கள் வந்து ஜெயித்தார்கள். ஹூஸ்டனிடம் தோற்ற ஆட்டத்தைத் தொடங்கிய ஐந்து பேரும் அந்த ஜூனிலேயே என்.பி.ஏ. டிராஃப்டில் (தொழில்முறை அணிகள் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) போய்விட்டார்கள், ஃப்ளாக் முதல் ஆளாகவே. 2021க்குப் பிறகு மாணவர்கள் ஒரு வருடம் காத்திருக்காமலே வேறு கல்லூரிக்கு மாறலாம், தங்கள் பெயரை வைத்துச் சம்பாதிக்கலாம். மாணவர்களுக்கு அது நியாயம்தான், எனக்கு அதில் மாற்றுக்கருத்தே இல்லை. ஆனால் பயிற்சியாளர் ஒவ்வொரு ஏப்ரலிலும் புதுசாக அடுப்பு மூட்ட வேண்டியிருக்கிறது. கோச் கேயும் தன் கடைசி வருடங்களில் இதே பாட்டைப் பட்டார், 2015க்குப் பிறகு அவருக்கே பட்டம் கிடைக்கவில்லை.

ரசிகர்களைக் குறை சொல்ல எழுதவில்லை. கல்லூரிக் கூடைப்பந்தில் பையன்கள் வருவார்கள், போவார்கள். பெஞ்சில் முப்பது, நாற்பது வருடம் உட்கார்ந்திருக்கிற அந்த ஒரு முகத்தின் மேல்தான் பாசமெல்லாம் போய்ச் சேரும். டியூக்கின் சொந்த அரங்கமான கேமரனின் ஆடுகளத்துக்கே 2000த்திலிருந்து கோச் கேயின் பெயர்தான். சேப்பல் ஹில் மேட்சுக்காக மாணவர்கள் குளிரில் கூடாரம் போட்டுக் கிடக்கிற புல்வெளிக்கும் அவர் பெயர்தான். ஷயர் அவரிடமே விளையாடி 2010இல் பட்டம் வென்றவர், 34 வயதில் அந்தப் பெயர் எழுதிய தரையில் பயிற்சியாளராக வந்து நின்றார். ஒவ்வொரு மேட்சிலும் அதன் மேல்தான் நிற்கிறார்.

ஆகவே ஒரு வேண்டுகோள். அடுத்த முறை இந்த அட்டவணையைப் போடும்போது 'முதல் மூன்று சீசன்' என்று இன்னொரு வரிசையும் சேருங்கள். அந்த இதழில் இரண்டு பிரதி வாங்கிக்கொள்கிறேன், ஒன்று பக்கத்து வீட்டுக்கு. அவருக்குத் தமிழ் தெரியாது, எண்களை நான் படித்துக் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்,
கேரி, வட கரோலினா