கோலியாக் கூட்டிட்டுப் போற டூர்காரங்களுக்கு: கடல் வத்துற நேரத்த நோட்டீஸ்ல போடுங்க

வட இந்திய யாத்திரை டூர் நடத்துற அண்ணன்மாருக்கும் மேனேஜர்மாருக்கும் வணக்கம்.

எந்த டூர், யாருன்னு பேர் போட மாட்டேன். விசாரிச்சுப் பார்த்ததுல, கடல் வத்துற நேரம் பார்க்காம கோலியாக் கூட்டிட்டுப் போறது ஒருத்தர் ரெண்டு பேர் பண்ற காரியமா தெரியல, அதனால எல்லாருக்கும் பொதுவாவே எழுதிடறேன்.

குஜராத் பேக்கேஜ்ல சோம்நாத், துவாரகாவோட பாவ்நகர் பக்கத்துல கடற்கரைல இருக்கிற கோலியாக்கையும் சேர்த்துதான் நோட்டீஸ் அடிக்கிறீங்க. கடலுக்குள்ள நிஷ்களங்க மகாதேவ் சிவன் கோயில், பாண்டவங்க பாவம் தீர்ந்த இடம், அஞ்சு லிங்கம், அஞ்சு நந்தி, கடலே வழி விடும் அதிசயம்! கூடவே வாட்ஸப்ல ஒரு வீடியோ வேற. கடல் ஒதுங்கிக் கிடக்கு, ஜனங்க ஈர மண்ணுலயும் கல்லுலயும் கொடிக்கம்பத்த பார்த்து சாரி சாரியா நடந்து போறாங்க. அந்த வீடியோவப் பார்த்துதான் எங்க அத்தை முட்டி வலியையும் மறந்து பேர் குடுத்தாங்க, துணைக்கு நானும்.

நாங்க போய் இறங்கினது காலைல பதினோரு மணி. கண்ணுக்கெட்டின தூரம் தண்ணி. தூரத்துல கொடியும் ஒரு தூணும் மட்டும் தெரியுது. வழி எங்கன்னு கேட்டா உங்க கைடு தம்பி கொஞ்சம் கூட கூசாம "இங்கிருந்தே கும்பிட்டுக்கங்கம்மா, கொடி தரிசனமும் தரிசனம்தான்"னு சொல்றார். டீக்கடைக்காரர் இந்தில சொல்றார், மூணு மணிக்கு மேல வத்திரும், அப்ப தாராளமா நடந்து போகலாம்னு. அத கேட்டதும் கைடு தம்பிக்கு முகமே மாறிப்போச்சு, ராத்திரி அடுத்த ஊர் சாரங்பூர்ல ரூம் போட்டாச்சு, வெயிட் பண்ண முடியாது, ஏறுங்க ஏறுங்க.

எங்க பஸ்ல கும்பகோணம் பக்கத்துல இருந்து ஒரு பாட்டி வந்திருந்தாங்க. வீட்டுக்காரர் அஸ்தில கொஞ்சம் எடுத்து, சின்ன எவர்சில்வர் சம்புடத்துல போட்டு, மஞ்சத்துணி சுத்தி, சென்னைல ரயில் ஏறினதுல இருந்து மடியிலயே வச்சிருந்தாங்க. படுக்கும்போது கூட தலைமாட்டுலதான். அந்த அஞ்சு லிங்கத்துக்கிட்ட கரைக்கணும்னு அவர் கேட்டாராம், பாட்டி ஒத்துக்கிட்டாங்களாம், அவ்ளோதான், வேற எந்த ஊர்லயும் பெருசா எதுவும் கேக்கல அவங்க. பஸ் கிளம்புதுன்னதும் சம்புடத்த எடுத்துக்கிட்டு கரைல நின்னாங்க. கைடு தம்பி வந்து "எல்லாம் ஒரே கடல்தானே பாட்டி, இங்கயே விட்டுருங்க"ன்னார். பாட்டி ஒண்ணும் சொல்லல. முட்டி ஆழம் வரைக்கும் இறங்கினாங்க, கலங்கின தண்ணி, அலை இழுக்குது, நானும் இன்னொருத்தரும் ஆளுக்கொரு கையப் பிடிச்சுக்கிட்டோம். ஆனா கரைக்கல. துணிய மறுபடி முடிஞ்சு எடுத்துட்டு வந்துட்டாங்க. ஈரப்புடவையோட ஏசி பஸ்ல சாரங்பூர் வரைக்கும் உக்காந்து வந்தாங்க, ஏசிய கொஞ்சம் குறைக்கச் சொன்னதுக்கு பின் சீட்டுக்காரங்களுக்கு புழுங்கும்னு பதில் வந்துச்சு.

அன்னைக்கே கோலியாக்ல இருந்து திரும்பற வழியில பாவ்நகர்ல ஒரு துணிக்கடைல ரெண்டரை மணி நேரம் நிறுத்தினீங்க. அதுக்கு சாரங்பூர் ரூம் தடுக்கல. கடைய காலைலயும் கோயில மத்தியானமும் வச்சிருந்தா எல்லாமே முடிஞ்சிருக்கும், ஒரு பைசா கூடுதல் செலவு இல்ல. கடைல உங்களுக்கு என்ன கிடைக்குதுன்னு நான் கேக்கல, அது உங்க வியாபாரம். நான் கேக்கறது ஒண்ணே ஒண்ணுதான்: கடல் வத்துற நேரத்தப் பார்த்துட்டு புரோகிராம் போடுங்க, அந்த நேரத்த நோட்டீஸ்லயும் போடுங்க.

உங்க நோட்டீஸ்ல எல்லா பேட்ச்சுக்கும் ஒரே வரிதான் இருக்கு, "7ஆம் நாள் காலை 11 மணி கோலியாக்". கடல் உங்க ஆபீஸ்ல வேலை பார்க்கலையே! கடல் ஏறுறதும் வத்துறதும் தினமும் சுமார் 50 நிமிஷம் தள்ளித் தள்ளிப் போகும், இன்னைக்கு பதினோரு மணிக்கு வத்தியிருந்தா ஒரு வாரம் கழிச்சு அதே பதினோரு மணிக்கு கழுத்துக்கு மேல தண்ணி நிக்கும். நம்ம மெரினால பார்த்துப் பழகினவங்களுக்கு இது உறைக்காது, அங்க ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் மிஞ்சிப்போனா ஒரு மீட்டர் சொச்சம் வித்தியாசம் இருக்கும். கோலியாக் இருக்கிற கம்பாத் வளைகுடா அப்படி இல்ல, வாய் அகலமா இருந்து உள்ள போகப் போக குறுகுறதால தண்ணி நெருக்கி மேல ஏறுது, பாவ்நகர் பக்கம் அமாவாசை பௌர்ணமிய ஒட்டி 10 மீட்டர் வரைக்கும் ஏறி இறங்குது. பாவ்நகர் துறைமுகத்துல தண்ணி வடிஞ்சு கப்பல் தரைதட்டாம இருக்க, தண்ணிய உள்ள தேக்கி வைக்கிற லாக் கேட் கட்டி வச்சிருக்காங்க. பக்கத்துல அலங்ல பெரிய பெரிய கப்பல ஏற்றத்துல கரைக்கு ஓட்டி ஏத்திட்டு, தண்ணி வடிஞ்சதும் அங்கயே வெட்டி உடைக்கிறாங்க. கப்பல் உடைக்கிறவன் நேரம் பார்க்கிறான், சாமி கும்பிடக் கூட்டிட்டுப் போறவங்க பார்க்கறதில்ல.

இத்தனைக்கும் நேரம் பார்க்கறதுல உங்கள மிஞ்ச ஆளே கிடையாது. ராகுகாலம் முடிஞ்சுதான் பஸ் எடுக்கறீங்க, எமகண்டத்துல டிக்கிய கூட மூட மாட்டீங்க. பஞ்சாங்கத்துல பக்கத்துலயே திதி போட்டிருக்கு. அமாவாசை பௌர்ணமிக்கு கடல் நல்லா உள்வாங்கும், அஷ்டமி நவமிக்கு அவ்வளவு வாங்காது, அத வச்சே பாதி கணக்கு போட்டுரலாம். மீதிக்கு சர்வே ஆஃப் இந்தியா வருஷா வருஷம் கடல் ஏறி இறங்குற நேர அட்டவணை (டைட் டேபிள்) போடுது, ஐதராபாத்ல இருக்கிற கடல் தகவல் மையம் இன்காய்ஸ் இணையத்துலயே குடுக்குது. எதுவும் வேணாம்னா அந்த டீக்கடைக்காரர் நம்பர வாங்கி வச்சிக்கிட்டு முதல் நாள் ஒரு போன் பண்ணுங்க.

இது தரிசனம் கிடைக்கலையேங்கற வருத்தம் மட்டும் இல்ல. நேரம் தப்பி கடைசில போய், வழி இன்னும் தெரியுதேன்னு வயசானவங்கள இறக்கி விட்டீங்கன்னா என்ன ஆகும்? கரைல இருந்து ஒரு கிலோமீட்டருக்கு மேல நடக்கணும், கல்லெல்லாம் பாசி, நடுவுல சேறு, முட்டி வலிக்காரங்களுக்கு போக மட்டுமே அரை மணிக்கு மேல ஆகும். தண்ணி திரும்ப ஏறும்போது நேரா முன்னாடி இருந்து மட்டும் வராது, பள்ளத்து வழியா பின்னாடியும் வந்துரும். 2024 செப்டம்பர்ல நடந்தது மறந்திருக்காது உங்களுக்கு. இதே கோயிலுக்குப் போய்ட்டு திரும்பின தமிழ்நாட்டு யாத்ரீகர் பஸ் கோலியாக் கிட்ட தரைப்பாலத்துல மழை வெள்ளத்துல மாட்டிக்கிச்சு, காப்பாத்தப் போன லாரியும் மாட்டிக்கிச்சு, ராத்திரி முழுக்க போராடி டிரைவர் கிளீனரோட சேர்த்து 29 பேரையும் மீட்டாங்க. அது ஆத்து வெள்ளம், கடல் ஏற்றம் இல்ல, தெரியும். ஆனா அந்த ஊர்ல தண்ணிய கேக்காம பஸ்ஸ விடக்கூடாதுன்னு அதுக்கப்புறமும் தோணலையா?

சொல்ல ஆரம்பிச்சா நிறைய இருக்கு. எழுபது வயசுக்காரங்களுக்கு மேல் பெர்த், பாத்ரூமுக்கு நிறுத்தச் சொன்னா பெட்ரோல் பங்க் வரட்டும்ங்கற பதில், "சிறப்பு தரிசனம்"னு வழியில தனியா வசூல். நம்ம ஊர் சாப்பாடு மட்டும் எங்க போனாலும் டைமுக்கு வந்துச்சு, அதுக்கு நிஜமாவே கையெடுத்துக் கும்பிடறேன், அந்த சமையல்கார அண்ணன் கைல புரோகிராமையும் குடுத்துருங்கன்னு அத்தை சொல்றாங்க.

கோவத்துல ரெண்டு வார்த்தை கூட வந்திருந்தா பெரியவங்க நீங்க மன்னிக்கணும். தயவு செஞ்சு அடுத்த பேட்ச் நோட்டீஸ்ல கோலியாக் பக்கத்துல தேதி, கடல் வத்த ஆரம்பிக்கிற நேரம், கரைக்குத் திரும்பியே ஆகவேண்டிய நேரம், இந்த மூணையும் அச்சடிங்க. அன்னைக்கு நேரம் ஒத்துவரலைன்னா கோலியாக் இல்லைன்னு வெளிப்படையா சொல்லி அந்தப் பணத்தக் கழிச்சிருங்க, யாரும் கோவிச்சிக்க மாட்டாங்க.

அப்படி ஒரு நோட்டீஸ் வந்தா எங்க அத்தை பேரையும் கும்பகோணத்துப் பாட்டி பேரையும் எழுதிக்கோங்க, ரெண்டு பேருக்கும் கீழ் பெர்த். அட்வான்ஸ் பாதி இப்ப தர்றோம், மீதி கோலியாக்ல கடல் வத்தின பிறகு.